வைக்கக் கூடாத நடுப்புள்ளி

வட்டம் போடுவதில் இதுவரை என்னை யாரும் குறை சொன்னதில்லை. நூல் பிடிக்க மாட்டேன், ஆணியடித்துக் கயிறு கட்ட மாட்டேன். தரையில் குந்தி ஒரு கை மாவை அள்ளினால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிப்பேன். வீடு கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு தடவை அளவு டேப்பை எடுத்து என் வட்டத்தின் குறுக்கே வைத்துப் பார்த்தார். இப்படி வைத்துப் பார்த்தார், அப்படி வைத்துப் பார்த்தார், பிறகு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாமி கும்பிடப் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். அந்த நிமிர்ந்த நெஞ்சுதான் போன வருஷம் என்னைக் கொண்டுபோய் ஒரு குழியில் தள்ளியது. அதைத்தான் எழுதுகிறேன். மில்லில் கையெழுத்துப் போடுவதற்காகக் கற்றுக்கொண்ட எழுத்து என்னுடையது, மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

துடியலூரில் எங்கள் வீதி முடிகிற இடத்தில் கன்னிமார் இருக்கிறார்கள். ஏழு கல், ஒரு வேப்பமரம், தகரக் கூரை, அதன் கீழே பத்தடிக்குப் பத்தடி சிமெண்டுத் தரை. எங்கள் ஆட்கள் பண்ணையத்துக் காடு தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தபோது வைத்த கற்கள். இப்போது சுற்றிலும் மாடி வீடுகள் வந்துவிட்டன. காய்ச்சல் விடாத குழந்தை, தள்ளிப் போகிற கல்யாணம், ஆபரேஷன் என்று யாருக்காவது மனதில் பயம் வந்தால் செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்து சொல்வார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுக்காகச் சக்கரம் போடுவேன்.

சக்கரம் என்றால் ஏழு சுற்று. அரிசி மாவு, மஞ்சள், குங்குமம், உமிக்கரி, காயவைத்து இடித்த வேப்பிலை என்று ஐந்து நிறம். உள்ளே தொடங்கி வெளியே போக வேண்டும். கை வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். நான்கு திசைக்கும் நான்கு வாசல். அதில் மூன்றைக் கரிக்கோட்டால் அடைத்துவிட்டுக் கிழக்கு வாசலை மட்டும் திறந்து வைப்பேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தரை. எல்லாம் முடிந்த பிறகு, யாருக்காகப் போடுகிறோமோ அவர்களைக் கிழக்கு வாசலில் உட்காரவைத்து, அவர்கள் பெயரை மனதுக்குள் சொல்லி, அந்த வெறும் தரையில் மிளகு அளவுக்கு ஒரு குங்குமப் புள்ளி வைப்பேன். வைத்த நேரத்திலிருந்து அந்த ஆளின் உயிர் அங்கே, கன்னிமார் காவலில் இருக்கிறது. கற்பூரம் அணைந்ததும் அதே கை, அதே மோதிர விரல், புள்ளியைத் தொட்டெடுத்து அவர்கள் நெற்றியில் வைத்து, "வா, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட வேண்டும். கிழக்கு வாசல் வழியாகத்தான் கூப்பிட வேண்டும். அதன்பிறகு சக்கரத்தை வெளியிலிருந்து உள்ளே அழித்து, பொடியை அள்ளி ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். ஓடுகிற தண்ணீருக்கு எங்கள் பக்கம் இப்போது எங்கே போவது, குடத்தில் கரைத்து வேப்பமரத்தடியில் ஊற்றுகிறேன். ஆனால் புள்ளி உள்ளே இருக்கையில் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நான் எழுந்து போனதில்லை.

சும்மா பழகுவதற்காகவோ யாருக்காவது காட்டுவதற்காகவோ போட்டால் நடுவைக் காலியாக விட்டுவிட வேண்டும். உயிரை விளையாட்டுக்கு உள்ளே வைக்கக் கூடாது. இதுதான் சட்டம். வேறு யாரும் அல்ல, நானேதான் இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள்.

எங்கள் எதிர் வீட்டு மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். கோபிசெட்டிபாளையத்துப் பெண். வடக்கே எங்கோ போய் வீடியோவில் சித்திரம் செய்கிற படிப்புப் படித்தவள். அது சினிமாவா, சீரியலா என்று கேட்டதற்கு, இரண்டும் இல்லை, சுவரில் மாட்டுகிற படம்போல ஒன்று, ஆனால் அசையும் என்றாள். ஊருக்குப் போய்வந்தால் எங்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வருவாள். நல்ல குணம். ஒரு வெள்ளிக்கிழமை நான் சக்கரம் போடுவதைப் பார்த்துவிட்டு, இதை வெளியூர்களில் மண்டலம் என்பார்கள் என்றாள். எனக்குத் தெரிந்த மண்டலம் நாட்டு வைத்தியர் மருந்து கொடுக்கிற நாற்பத்தெட்டு நாள்தான். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். பனிமலைப் பக்கத்துச் சாமியார்கள் வட்டமாக உட்கார்ந்து கலர் மணலால் சக்கரம் போடுகிறார்கள். நாள் கணக்காகப் போட்டுவிட்டு, கடைசியில் கையால் அத்தனையையும் கூட்டி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கேயோ இருக்கிறவர்கள், அவர்களும் அழிக்கத் தெரிந்தவர்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

என் கையை வீடியோ எடுத்து அதை ஒரு கண்காட்சியில் போட ஆசைப்படுவதாகச் சொன்னாள். வேண்டுதல் நாளில் முடியாது, ஒரு திங்கட்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

அந்தச் சமயம் என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப் போயிருந்தது. பம்பு செய்கிற பவுண்டரியில் முப்பத்தைந்து வருஷம் மணலில் அச்சு இடித்தவர், நெருப்புக் குழம்பை வாளியில் தூக்கியவர், இப்போது நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் நின்றுவிடுவார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வீடியோ எடுக்கும் நாளிலிருந்து மூன்றாவது வியாழக்கிழமை. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இருந்தாலும் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. நான் மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "போ புள்ள போ, அடுத்த மாசம் காந்திபுரத்துல உனக்குக் கட்-அவுட்டு வெச்சுப் பாலு ஊத்துவாங்க" என்றார்.

தகரக் கூரையின் குழாயில் கேமராவைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். நான் குந்தி ஏழு சுற்றையும் போட்டேன். நல்ல வெயில் ஏறிவிட்டது. அன்றைக்குக் கை பூப்போல வந்தது, எனக்கே தெரிந்தது. மூன்று வாசலை அடைத்து, கிழக்கைத் திறந்து விட்டு நிமிர்ந்தேன். அவள் தன் சின்ன டிவியில் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரொம்ப நல்லா வந்திருக்குங்கம்மா. நடுவுல மட்டும் என்னமோ முடிக்காம உட்ட மாதிரி இருக்குதுங்களே?"

அவள் தெரியாமல் கேட்டது. காட்டுவதற்குப் போட்டால் இவ்வளவுதான் கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் முடிக்காமல் விட்டது என்று என் வட்டத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. கேமரா வேறு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. என் விரல் தானாகக் குங்குமத்தில் போய்விட்டது. விரல் தரைக்கு மேலே வந்ததும் பழக்கத்தில் மனம் ஒரு பெயரைத் தேடியது. அந்த மாதம் முழுதும் என் மனதில் இருந்தது ஒரே பெயர். வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனதுக்குச் சமாதானம் சொன்னேன். அவருக்கு ஆபரேஷன் வருகிறதே, அவருக்கே ஆகட்டும் என்று. ஆனால் கிழக்கு வாசலில் ஆள் இல்லை. அவர் வீட்டில் கடலைக்காய் உரித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவசர அவசரமாகப் புள்ளியை எடுத்துப் பேப்பர் துண்டில் மடித்தேன். சக்கரத்தை அழித்தேன். வீட்டுக்கு நடந்துபோய் அவர் நெற்றியில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஊட்டுக்குப் போலாங்கறியே, நான் ஊட்லதான புள்ள இருக்கறேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போனோம். உடுமலைப்பேட்டையிலிருந்து மகளும் வந்திருந்தாள். டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, இந்த வால்வை எடுத்துவிட்டு வேறு வைப்போம், அதுவரை இதயத்தை நிறுத்தி வைப்போம், ரத்தத்தை மிஷின் ஓட்டிக்கொள்ளும் என்றார். மகள் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றார். என் வீட்டுக்காரர் டாக்டருக்கே தைரியம் சொல்வதுபோல, மோட்டாரில் கை வைக்கிறதென்றால் லைனை ஆஃப் பண்ணித்தானே வைக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கேட்க நினைத்தது டாக்டரிடம் கேட்கிற கேள்வி இல்லை. நெஞ்சு நிற்கிற அந்த இரண்டு மணி நேரம் மனுஷன் எங்கே இருப்பான்? எந்த வழியாகத் திரும்பி வருவான்?

கண்காட்சி திறந்தது ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். கோயமுத்தூரில் மூடிப்போன ஒரு மில்லின் குடோன் அது. நான் நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை பார்த்தது இது மாதிரி ஒரு மில்லில்தான். வெள்ளை அடித்திருந்தும் சுவரிலிருந்து பஞ்சு வாசம் வந்தது. அந்தப் பெண் என்னைக் காரில் கூட்டிப் போய், தலைக்குப் பூ வாங்கிக் கொடுத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். இன்னார்தான் என்று எல்லாருக்கும் சொன்னாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். மேலேயிருந்து தரையில் வெளிச்சம் விழுந்தது. இருபதடி அகலம் இருக்கும். அதற்குள் என் கை வந்தது. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு என் கை. நூலில் அறுபட்ட பழைய தழும்புகூட வாய்க்கால் மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு சுற்றாக விரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எனக்கு உள்ளே இனித்தது. பிறகு அந்தப் பெரிய விரல் இறங்கிப் புள்ளியை வைத்தது. எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவப்பு.

அடுத்து படத்தில் என் கை அதை எடுத்து, சக்கரத்தை அழிக்கும் என்று காத்திருந்தேன். அழிக்கவில்லை. படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டாகப் பிரிந்தது, நான்காகப் பிரிந்தது, எட்டாகப் பிரிந்தது. ஒரு கை எட்டுக் கை ஆனது. அதில் நான்கு பீச்சாங்கை. பீச்சாங்கைகள் என் சக்கரத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது முழுவதும் இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. எங்கள் சனத்தில் இழவு வீட்டில் மட்டும்தான் இடப்பக்கமாகச் சுற்றுவோம், பிணத்தைச் சுற்றி. வாசல் நான்கு இருந்தது எட்டாகிவிட்டது. எட்டும் பாதி திறந்து பாதி மூடி நின்றது. எது கிழக்கு என்று எனக்கே தெரியவில்லை. போட்ட எனக்கே தெரியவில்லை. நடுவில் அந்தப் புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. முடிந்ததும் படம் மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. அப்போதும் புள்ளி போகவே இல்லை. அதைச் சுற்றித்தான் எல்லாக் கைகளும் வந்து வந்து போயின.

அப்போது ஒருவர், நல்ல வெள்ளைச் சட்டை போட்டவர், சிரித்துக்கொண்டே வெளிச்சத்துக்குள் இறங்கினார். செருப்புக் காலோடு. நடுவில் போய்க் குனிந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். புள்ளி அவர் சட்டை முதுகில், நெஞ்சுக்கு நேராக விழுந்தது. அவர் சம்சாரம் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் ஓடிவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நல்லா இருக்குது கண்ணு" என்று சொன்னேன். அந்த வாயை என்ன செய்வது?

திங்கட்கிழமை முழுதும் நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை நழுவவிட்டார். முன்பும் நழுவவிடுவார்தான், ஆனால் அன்றைக்கு டம்ளர் உருண்ட பக்கத்தைப் பார்த்தேன், இடப்பக்கம். குளித்துவிட்டு வந்து, நான் புள்ளி வைத்த நெற்றியைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். மகளிடம் சொல்லலாம். வெறும் வீடியோதானேம்மா என்பாள். அவரிடம் சொல்லலாம். ஒரு சின்னப்பெண் முடிக்கவில்லை என்று சொன்ன ஒரு சொல்லுக்காக உங்கள் உயிரை எடுத்துத் தரையில் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆபரேஷனுக்குப் போகிற ஆளிடம்?

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். எனக்கு இருந்தது செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். நூல் புடவை வாங்கப் போகிறேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பகல் நேரம், குடோனில் பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை. யாரும் இல்லாமலேயே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மிதிக்காமல் சுவரோடு சுவராக ஒட்டிப் போனேன். அந்தப் பெண் உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

"அத நிறுத்து கண்ணு. அதுக்குள்ள என்ற ஊட்டுக்காரரு இருக்காரு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். உட்காரவைத்து, என்னவென்று கேட்டாள். நடுப்புள்ளி ஏன் வைக்கக் கூடாது, நான் ஏன் வைத்தேன், எல்லாம் சொன்னேன். அவள் சொன்ன சொல் எனக்குத் தைத்ததையும் சொன்னேன். எழுபது வயதை நெருங்குகிறவள் ஒரு சின்னப்பெண் முன்னால் அதைச் சொல்வது எனக்கு அந்தப் புள்ளியை வைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அந்த மலைச் சாமியாருங்க அழிச்சுப் போடுவாங்கன்னு நீதான காட்டுனே? நீ ஏன் சாமி அழிக்காம உட்டே?"

"அழிஞ்சா முடிஞ்சுதுன்னு எல்லாரும் எந்திருச்சுப் போயிருவாங்கம்மா. முடியாமச் சுத்தீட்டே இருக்கட்டும்னு நெனச்சேனுங்க."

இப்போதே நிறுத்திவிடுகிறேன் என்று ஒயரைப் பிடுங்கப் போனாள். எனக்கு இன்னொரு பயம் வந்தது. உள்ளே புள்ளி இருக்கும்போது அணைத்தால் அது எங்கே போகும்? இருட்டில் அடைத்து வைத்த மாதிரி ஆகிவிடாதா? அவள் யோசித்தாள். அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துவிடலாம் என்றாள். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி, புள்ளியைச் சுற்றி ஒரு சின்னக் கோடு போட்டாள். புள்ளியைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் அந்தக் கோடு ஊர்ந்தது. விரலை ஒரு பொத்தான் மேல் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அழிச்சரட்டுங்களாம்மா?"

அவள் மணிக்கட்டை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். என் நகம் பதிந்த இடம் சிவந்துவிட்டது. ஒரு பொத்தான். அவர் பெயர் சொல்லி வைத்தது, வைத்த கை எடுக்காமல், வா என்று கூப்பிடாமல், யாரோ ஒருத்தியின் விரல் ஒரு தட்டுத் தட்டி இல்லாமல் செய்துவிடும். இவ்வளவு சுலபமா என்று நினைத்தபோது எனக்குக் குளிர் வந்தது. அன்றைக்குக் கோடை வெயில்.

"வெச்ச கைதான் எடுக்கோணும், கண்ணு. நீ எடுக்காத. ஆரும் எடுக்கக் கூடாது."

வெளியே அது சுற்றுகிற வெளிச்சம் கதவடியில் வந்து வந்து போனது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், அன்றைக்கு நான் எழுந்து போகிறவரை கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது, அழித்ததும் அதில் இருக்கிறது, அவள்தான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள் என்று.

காட்டச் சொன்னேன். இருந்தது. ஒரே கை, சோத்தாங்கை. ஒரே சக்கரம், நான்கு வாசல். என் தலை வகிடு மட்டும் மேலேயிருந்து தெரிகிறது. விரல் புள்ளியை எடுக்கிறது, பேப்பரில் மடிக்கிறது, கை பரபரவென்று அழிக்கிறது. அவ்வளவு அவசரமாக நான் எப்போதும் அழித்ததில்லை, பார்க்க வெட்கமாக இருந்தது.

இதைத் தரையில் போடு, கண்ணாடிப் பிரதி எதுவும் வேண்டாம், ஒரு தடவை நேராக, கடைசிவரை ஓடட்டும் என்றேன். அவள் செய்தாள். கிழக்கு எது என்று கேட்டாள். கதவுக்கு வெளியே போய்ச் சூரியனையும் நிழலையும் பார்த்து வந்து கையைக் காட்டினேன். என் காலடியில் படம் மெல்லத் திரும்பி, திறந்த வாசல் நிஜமான கிழக்குக்கு வந்து நின்றது. தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கை வந்து ஏழு சுற்றையும் போட்டு முடிக்கிறவரை கிழக்கு வாசலில் நின்றேன். சுருக்கி ஓட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. புள்ளி விழுந்தது. நான் குனிந்து வெளிச்சத்துக்குள் தவழ்ந்து போனேன், என் வயதுக்கு என்ன வேகமோ அந்த வேகத்தில். எடுப்பதற்காகப் பெரிய விரல் இறங்கியபோது என் மோதிர விரலையும் அதே இடத்தில் வைத்தேன். சிவப்பு என் நகத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பெரிய விரல் எழுந்ததோடு நானும் எடுத்தேன், கையை மூடிக்கொண்டேன். "வாங்க, ஊட்டுக்குப் போலாங்க" என்று கிழக்கைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். என் குரல் அந்தக் குடோனில் போய் மோதித் திரும்பி வந்தது, எனக்கே பயமாக இருந்தது. பெரிய கை அழித்தது. நானும் இன்னொரு கையால் தரையைத் தேய்த்தேன். சிமெண்டுத் தூசிதான் ஒட்டியது. படம் இருண்டதும் அவள் ஒயரைப் பிடுங்கினாள்.

என் வீட்டுக்காரர் நல்லபடி வீடு வந்து சேர்கிறவரை ஓட்ட மாட்டேன், மிஷின் பழுது என்று எழுதி மாட்டிவிடுகிறேன் என்றாள்.

துடியலூர் வருகிறவரை மூடிய கையைத் திறக்கவில்லை. டிக்கெட்டை இடது கையில் வாங்கினேன் என்று கண்டக்டர் முறைத்தார். வீட்டில் அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் விரலை அவர் நெற்றியில் வைத்தேன்.

"என்ன புள்ள, வெறும் வெரலு?"

"செத்த நேரம் அசையாம இருங்க."

அசையாமல் இருந்தார். என் கண்ணைப் பார்த்தார். புடவை எங்கே என்று கேட்கவில்லை. அவர் முகத்திலிருந்த கேலி மெல்லப் போய்விட்டது. அது போனதைப் பார்த்ததும்தான் அவரும் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். நெற்றியைப் பஞ்சால் துடைத்துவிட்டார்கள். எந்த நேரத்தில் நெஞ்சை நிறுத்துவார்கள் என்று நர்சிடம் கேட்டேன், அதெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றாள். நான் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே சுவரில் டிவி. அது ஓடாமல் நின்றுபோய், நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தேன். வலப்பக்கம். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தேன். மகள் இட்லி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது, இரண்டு மணி நேரம் என்று சொன்னது எப்போதோ கடந்துவிட்டது. யாரோ வந்து டிவியை அணைத்துவிட்டார்கள். போடுங்கள் என்று எழுந்தேன். மகள் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். முகக் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரித்தார். எல்லாம் நன்றாக முடிந்தது, வால்வு நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார். பிறகு சொன்னார்:

"மறுபடி ஓடறதுக்குத்தாங்க கொஞ்சம் யோசிச்சுது. அப்பறம் தானாவே ஓடீருச்சு."

மகள் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். நானும் கும்பிட்டேன். ஆனால் அந்த யோசிச்சுது என்ற சொல் என்னிடமே நின்றுவிட்டது. எதற்கு யோசித்தது என்று டாக்டருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் எட்டு வாசலையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், நல்ல வாசல் எது என்று தெரியாமல்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண் படத்தை மறுபடியும் ஓட்டினாள். இப்போது ஒரே கைதான், சோத்தாங்கைதான். புள்ளி வருவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டாள், நடு வெறுமையாக இருக்கும். அது கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு அழியும். என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, பாவம் யாரோ கஷ்டப்பட்டுப் போட்டிருக்கிறார்கள், நடுவை முடிக்காமல் விட்டுவிட்டார்களே என்றார். போட்டது நான்தான் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இருக்கிறாரே. அவர் சம்சாரம் எடுத்த படம் அவர்கள் போனில் இருக்கும். அதில் புள்ளி இருக்கும், எட்டு வாசல் இருக்கும், அந்தப் புள்ளியை எடுத்தது யார், வா என்று கூப்பிட்டது யார்? அந்தப் பெண் தனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தாள். அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்று என்றைக்காவது அவரே அந்தப் படத்தை ஒரு தட்டுத் தட்டி அழிக்கலாம். அழிக்காமலும் வைத்திருக்கலாம். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போது நன்றாக இருக்கிறார். மாடிப்படி ஏறுகிறார், பேப்பர் படிக்கிறார், நெஞ்சுக்குள் புது வால்வு கடிகாரம் மாதிரி டிக் டிக் என்பதை வருகிறவர்களுக்குக் கேட்கக் கொடுக்கிறார். நான் அடுப்படியில் இருந்தபடி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "ஏனுங்க" என்று கூப்பிடுகிறேன். "இங்கதான் புள்ள இருக்கறேன், எங்க போயிட்டேன்" என்று சலித்துக்கொள்வார். சில நாள் பேப்பரில் மூழ்கிவிட்டால் பதில் கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தில் கரண்டியைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே நிற்பேன்.